இரத்த அணுக்களை எண்ணிய கதை

மருத்துவமனைகளிலும் தனியார் ஆய்வுக்கூடங்களிலும் தரப்படும் இரத்தப் பரிசோதனைத் தாளை நீங்கள் ஒரு முறையேனும் பார்த்திருப்பீர்கள். ஹீமோகுளோபின் இவ்வளவு, சிவப்பணுக்கள் இத்தனை இலட்சம், வெள்ளணுக்கள் இத்தனை ஆயிரம், தட்டணுக்கள் இத்தனை இலட்சம் என்று மேலே சில வரிகள் இருக்கும். அவற்றுக்குக் கீழே எம்.சி.வி., ஆர்.டி.டபிள்யூ., எம்.பி.வி. என்று மூன்றெழுத்தும் நான்கெழுத்துமாகச் சில பெயர்களும், அவற்றுக்கு நேரே தசமப் புள்ளியுடன் எண்களும் காணப்படும். பெரும்பாலோர் இந்தக் கீழ்வரிகளைக் கவனிப்பதில்லை.

ஆனால் அண்மை ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் பலரின் பார்வை இந்தக் கீழ்வரிகள் மீது விழுந்திருக்கிறது. நீரிழிவு உள்ள ஒருவர். அவருடைய இதயத் தமனியில் பிறவியிலேயே ஓர் அமைப்பு வேறுபாடு இருக்கிறது. அதனால் அவருக்குத் தீங்கு நேருமா, நேராதா? விலையுயர்ந்த படங்கள் எடுக்காமல், சில நூறு ரூபாய்ச் செலவில் கிடைக்கும் இந்த எண்களைக் கொண்டே அதைச் சொல்லிவிட முடியுமா? இதுதான் அவர்கள் எழுப்பும் கேள்வி. இதற்கு விடை தேடுமுன், இந்த எண்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிவது நல்லது. அந்த வரலாற்றில் மருத்துவரைப் போலவே இயற்பியலாருக்கும் பெரும் பங்குண்டு என்பதால், இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே 'அணு' என்பது உயிரணு. இயற்பியல் பாடத்தில் வரும் அணுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 அல்லது 8 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு.

ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ஸ்வாமர்டாம் 1658ஆம் ஆண்டில் தவளையின் இரத்தத்தில் இவற்றைக் கண்டார் என்பர். அதே நாட்டில் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த லேவன்ஹூக், தம் கையால் தேய்த்துச் செய்த வில்லைகளைக் கொண்டு 1674இல் மனித இரத்தத்தின் சிவப்பணுக்களை நோக்கி, இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதினார். நுண்ணிய மணல் துகள் ஒன்றினும் 25,000 மடங்கு சிறியது ஓர் அணு என்று அவர் மதிப்பிட்டார். அளவிட்டாரே தவிர எண்ணவில்லை. எண்ணும் முயற்சிக்கு இன்னும் ஏறத்தாழ 180 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏன் இத்தனை தாமதம்? ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தை எண்ணிப் பாருங்கள். குண்டூசித் தலையளவே இருக்கும். அதில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. நொடிக்கு ஒன்று வீதம், உண்ணாமல் உறங்காமல் எண்ணினாலும் 58 நாட்கள் ஆகும்! உடலிலுள்ள இரத்தம் முழுவதையும் 5 லிட்டர் என்று கொண்டால், 25 இலட்சம் கோடி அணுக்கள். ஆகவே முழுவதையும் எண்ணுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரத்தத்தை அளந்து எடுத்து, அளந்து நீர்க்கச் செய்து, அதில் மிகச் சிறு பகுதியை மட்டும் எண்ணி, பிறகு பெருக்கிக் கொள்ள வேண்டும்.

இதை முதலில் செய்து காட்டியவர் ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஃபீரோர்ட். ஆண்டு 1852. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலில் இரத்தத்தை ஏற்றி, அதன் அளவைக் கணக்கிட்டு, முட்டை வெண்கருவுடன் கலந்து கண்ணாடித் தகட்டில் பரப்பி உலரவிட்டார். பின்னர்க் கட்டங்கள் வரைந்த கண்ணாடியின் துணையுடன் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு பரிசோதனைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடித்தது. அவருக்குக் கிடைத்த விடையும் கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சத்தையொட்டியதே. இன்றைய கருவிகள் தரும் விடையும் அதுவே என்பதை எண்ணும்போது அவருடைய பொறுமைக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

ஆனால் மூன்று மணி நேர வேலையை எந்த மருத்துவர் நாள்தோறும் செய்வார்? அடுத்த கால் நூற்றாண்டில் பிரான்சில் போட்டேன், மலாசே, ஹேயம் ஆகியோரும், இங்கிலாந்தில் கவர்ஸ் என்பாரும் இப்பணியை எளிதாக்கினர். போட்டேன் 1867இல் அமைத்த கலக்கும் குழல் குறிப்பிடத்தக்கது. குழலின் நடுவே ஒரு குமிழ். குமிழுக்குள் ஒரு சிறு கண்ணாடி மணி. குழலைக் குலுக்கினால் மணி உருண்டு இரத்தத்தையும் நீர்மத்தையும் கலக்கும். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் சிவப்பு மணியிட்ட குழலையும் வெள்ளை மணியிட்ட குழலையும் கையாண்ட மாணவர்கள் இதை உடனே அறிந்து கொள்வர். சிவப்பு மணி சிவப்பணுக்களுக்கு, வெள்ளை மணி வெள்ளணுக்களுக்கு.

தோமா என்பவர் வடிவமைத்து, யேனா நகரின் சைஸ் தொழிலகம் செய்த எண்ணும் அறை இதன் அடுத்த கட்டம். பின்னர் நியூபாயர் என்பவர் கோடுகளைத் திருத்தியமைத்தார். தடித்த கண்ணாடித் தகட்டில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு 400 சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மேலே மூடும் கண்ணாடிக்கும் கட்டங்களுக்கும் இடையே ஆழம் 0.1 மில்லிமீட்டர். 200 மடங்கு நீர்த்த இரத்தத்தில் 80 சிறு கட்டங்களை எண்ணி, கிடைத்த எண்ணோடு நான்கு சுழிகளைச் சேர்த்துக்கொண்டால் போதும். 500 என்று எண்ணினால் 50 இலட்சம்.

எண்ணியதில் எவ்வளவு உண்மை?

இங்கேதான் ஓர் இயற்பியலார் குறுக்கிட்டார். அவர் நுண்ணோக்கியின் இயலுக்கு அடிப்படை வகுத்த எர்ன்ஸ்ட் ஆபே. சைஸ் தொழிலகத்தின் அறிவியல் துணைவர் அவர். எண்ணும் அறையைச் செய்து விற்றால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இந்த அறையில் எண்ணும் ஒருவர் சிறிதும் தவறு செய்யாவிட்டாலும் விடை எவ்வளவு பிறழக்கூடும் என்ற கேள்வியை எழுப்பினார்.

மழைத் தூறல் தொடங்கும் நேரத்தில் முற்றத்துச் செங்கற்களைப் பாருங்கள். ஒரு கல்லில் மூன்று துளி விழுந்திருக்கும், அடுத்ததில் ஐந்து, இன்னொன்றில் ஒன்றுமிருக்காது. மழை பாரபட்சம் காட்டவில்லை. தற்செயலின் இயல்பே அது. எண்ணும் அறையின் கட்டங்களில் அணுக்கள் வந்து படிவதும் இவ்வாறே. 1878இல் ஆபே இதற்கான கணிதத்தைத் தந்தார். அது பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் 1837இல் வெளியிட்ட வாய்பாடேயாகும். அதன் சாரம் எளிது: நீங்கள் எண்ணிய எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் தற்செயல் பிழை. 500 அணுக்களை எண்ணினால் பிழை ஏறத்தாழ 22. அதாவது நூற்றுக்கு 4.5 பங்கு. 100ஐ எண்ணினால் பிழை 10, நூற்றுக்குப் பத்து.

வேடிக்கை என்னவெனில், இதே கணக்கு பிறகு ஒரு மதுபான ஆலையிலும் பயன்பட்டது. டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய கோசெட், நொதித்தலுக்குப் பயன்படும் ஈஸ்ட் அணுக்களை இதே அறையில் எண்ணி வந்தார். எண்ணும் பிழை பற்றி 1907இல் அவர் எழுதிய கட்டுரை 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளிவந்தது. புள்ளியியல் படிப்போர் அஞ்சி நடுங்கும் 'டி' சோதனை அடுத்த ஆண்டு அதே புனைபெயரில் வந்ததே.

எண்ணுவது இவ்வாறு முன்னேறிய காலத்திலேயே இனம் பிரிப்பதும் நடந்தது. ஜெர்மானிய இளைஞர் பால் எர்லிக் 1879இல், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த புதுச் சாயங்களைக் கொண்டு வெள்ளணுக்களுக்கு நிறமேற்றி அவற்றின் வகைகளைப் பிரித்துக் காட்டினார். இன்று நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், ஈசினோஃபில் என்று நாம் கூறுவனவெல்லாம் அந்த நிறப்பிரிவின் வழி வந்தவை. தட்டணுக்களின் வேலையை, அதாவது இரத்தம் உறைவதில் அவற்றின் பங்கை, இத்தாலியில் தூரின் நகரைச் சேர்ந்த பிட்சோசேரோ 1882இல் விளக்கினார். அமெரிக்க மருத்துவர் விண்ட்ரோப் 1929இலும் அதன் பின்னரும் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் கணக்கிடும் வழியை வகுத்தார். எம்.சி.வி. என்பது அதுதான்.

ஒரு துளையும் ஓம் விதியும்

கண்ணால் எண்ணும் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சி 1930களில் தொடங்கியது. 1934இல் மோல்டவான் என்பவர், நுண்குழலில் அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒளிமின்கலத்தின் உதவியால் எண்ணலாம் என்று எழுதினார். யோசனை நன்று, நடைமுறைக்கு எளிதாகவில்லை. வெற்றி வேறொரு வழியில் வந்தது.

வாலஸ் கோல்ட்டர் 1913இல் அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். மருத்துவரல்லர், மின்னணுவியலில் நாட்டம் கொண்டவர். எக்ஸ்-கதிர்க் கருவிகளை விற்கவும் பழுது பார்க்கவும் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள மருத்துவமனைகளில் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் குனிந்தபடி மணிக்கணக்காக இரத்த அணுக்களை எண்ணுவதைக் கண்டார். போர் முடிந்து சிகாகோவில் வாழ்ந்தபோது, வீட்டு நிலவறையில் தம் ஓய்வு நேரத்தில் ஒரு சோதனை செய்தார். சிகரெட் பெட்டியின் மேல் சுற்றியிருக்கும் செல்லோபேன் தாளில், சுடவைத்த ஊசியால் மிகச் சிறிய துளையிட்டு, அதை ஒரு குழலின் வாயில் ரப்பர் வளையத்தால் கட்டினார் என்று கூறுவர்.

துளையின் இருபுறமும் உப்புக் கரைசல், இருபுறமும் மின்முனைகள். கரைசலின் வழியே சிறு மின்னோட்டம் செல்கிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். உயிரணுவின் சவ்வோ கடத்தாது. ஆகவே ஓர் அணு துளைக்குள் நுழையும் கணத்தில், அது தன் பருமன் அளவு கரைசலை அப்புறப்படுத்துகிறது. துளையின் மின்தடை உயர்கிறது. அணு வெளியேறியதும் மின்தடை பழைய நிலைக்கு வருகிறது. ஓர் அணு, ஒரு மின்துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் அணுக்களை எண்ணியதாகும். பள்ளியில் படிக்கும் ஓம் விதிக்கு மேல் இதில் ஒன்றுமில்லை!

ஆனால் துடிப்பு எவ்வளவு சிறியது என்பதையும் பாருங்கள். துளையின் விட்டம் 100 மைக்ரான், நீளம் 75 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 5,90,000 கன மைக்ரான். ஒரு சிவப்பணுவின் பருமன் 90 கன மைக்ரான். எனவே மின்தடையில் ஏற்படும் மாற்றம் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கே. அதைப் பிரித்தறிவதற்குத்தான் கோல்ட்டரின் மின்னணுத் திறமை தேவைப்பட்டது. காப்புரிமை பெற அவர் சென்றபோது, ஒரு துளைக்கு எவர் காப்புரிமை தருவார் என்று வழக்கறிஞர்கள் சிலர் கைவிரித்ததாகக் கூறப்படுகிறது. 1949இல் விண்ணப்பித்து 1953 அக்டோபர் 20இல் பெற்றார். 1956இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிலையத்தினர் சோதித்துச் சான்றளித்தபின் கருவி பரவியது.

இக்கருவி சில நொடிகளில் 50,000 அணுக்களை எண்ணிவிடும். ஆபேயின் வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள். வர்க்கமூலம் 224, பிழை நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. எண்ணும் அறையில் நூற்றுக்கு நாலரையாக இருந்தது! இரண்டு அணுக்கள் ஒட்டினாற்போல் ஒருசேரத் துளையில் நுழைந்தால் ஒன்றாகக் கருதப்படும் என்ற குறை உண்டு. அதற்கும் தற்செயல் கணிதமே திருத்தம் தருகிறது.

இதனினும் பெரிய இலாபம் மற்றொன்று. துடிப்பின் உயரம் அணுவின் பருமனுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஆகவே கருவி எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வோர் அணுவையும் அளந்தும் விடுகிறது. ஆயிரக்கணக்கான அணுக்களின் பருமனை அளந்தால் சராசரி மட்டுமா கிடைக்கும்? அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதும் கிடைக்கும். ஆர்.டி.டபிள்யூ. என்பது சிவப்பணுக்களின் இந்தப் பரவல், நூற்றுக்கு 11.5 முதல் 14.5 வரை இயல்பு. எம்.பி.வி. என்பது தட்டணுக்களின் சராசரிப் பருமன். ஏறத்தாழ 7 முதல் 11 கன மைக்ரான். தாளின் கீழ்வரிகள் இவ்வாறு பிறந்தவையே. எந்த மருத்துவரும் கேட்டு வந்தவை அல்ல. கருவி தானாகவே தந்தவை. பின்னரே மருத்துவர்கள் இவற்றுக்குப் பொருள் தேடினர். இரத்தசோகையின் வகைகளைப் பிரிக்க ஆர்.டி.டபிள்யூ. உதவும் என்று 1983இல் பெஸ்மன் குழுவினர் காட்டினர். 2007இல், இதயம் தளர்ந்த நோயாளிகளில் இந்த எண் உயர்ந்திருப்போருக்கு ஆபத்து மிகுதி என்று ஃபெல்கர் குழுவினர் வெளியிட்டதும், இதயநோய் ஆய்வாளர்கள் அனைவரும் பழைய தாள்களைப் புரட்டத் தொடங்கினர்.

இனி நம் கேள்விக்கு வருவோம்

இதயத்துக்கு இரத்தம் அளிக்கும் தமனிகள் அதன் மேற்பரப்பில் ஓடுகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே, ஒரு தமனியின் சிறு பகுதி இதயத் தசைக்குள் புகுந்து மீண்டும் வெளிவரும். வாய்க்காலின் மேல் பாலம் போட்டது போலத் தமனியின் மேல் தசை கிடப்பதால் இதற்குத் தசைப்பாலம் என்று பெயர். ரைமன் என்பவர் 1737இலேயே இதைக் குறிப்பிட்டார். உயிருடனிருப்பவரின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இது காணப்பட்டது 1960இல்தான். பிணப் பரிசோதனைகளில் நால்வரில் ஒருவருக்கேனும் இது காணப்படுகிறது. ஆனால் தமனியில் சாயம் செலுத்தி எடுக்கும் படத்திலோ நூற்றுக்குச் சிலரிடமே தென்படுகிறது. பெரும்பாலோர் இது இருப்பதே தெரியாமல் முதுமை வரை வாழ்ந்து முடிக்கின்றனர்.

இதயம் சுருங்கும்போது பாலம் தமனியை நெரிக்கும். அப்படியாயின் ஆபத்தன்றோ என்று நீங்கள் கேட்கலாம். இடக் கீழறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும்போதுதான் பாய்கிறது. சுருங்கும்போது நெரிப்பதால் இழப்பு குறைவே. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.86 நொடி, அதில் விரியும் நேரமே மிகுதி. ஆனால் ஓடும்போது துடிப்பு 120 ஆனால் சுற்று 0.5 நொடியாகச் சுருங்குகிறது. விரியும் நேரமே பெரிதும் வெட்டுப்படுகிறது. நெரிப்பின் தாக்கம் அப்போது வெளிப்படும். மேலும், பாலத்துக்கு அடியிலுள்ள தமனிப் பகுதியில் கொழுப்புப் படிவு அரிது. ஆனால் பாலத்துக்குச் சற்று முன்னால் படிவு மிகுதி. இரத்தம் சுவரை உரசிச் செல்லும் விசை அவ்விடத்தில் மாறுபடுவதே காரணம் என்று கருதுகின்றனர்.

நீரிழிவு இதனுடன் சேர்ந்தால்? நீரிழிவு தமனிப் படிவை விரைவுபடுத்தும். அதைவிடக் கொடியது, நரம்புகளைத் தாக்கி நெஞ்சுவலியையே மறைத்துவிடக்கூடும். எச்சரிக்கை மணி அறுந்த வீடு போல. எனவேதான் வலியை நம்பாமல், இரத்தத்தில் ஓர் அடையாளம் கிடைக்குமா என்று தேடுகின்றனர். நீரிழிவு உள்ளோரிடம் தட்டணுக்கள் சற்றுப் பெருத்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. பெரிய தட்டணுக்கள் உறைவதில் முனைப்பு மிக்கவை. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் அழற்சியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. தசைப்பாலம் உள்ளோரையும் இல்லாதோரையும் இவ்வெண்களால் ஒப்பிட்ட கட்டுரைகளும் வந்துள்ளன.

தேடல் நியாயமானது. ஆனால் எண்களை நம்புமுன் ஆபேயின் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

நுண்ணோக்கியில் 100 வெள்ளணுக்களை வகைப்படுத்தி, 60 நியூட்ரோஃபில், 30 லிம்ஃபோசைட் என்று கண்டதாகக் கொள்வோம். விகிதம் 2. அதன் தற்செயல் பிழை நூற்றுக்கு 22. அதே துளி இரத்தத்தை மீண்டும் எண்ணினால், ஒரு மாற்றமும் நிகழாமலேயே, 1.6 என்றோ 2.4 என்றோ வரலாம். ஆயிரக்கணக்கில் எண்ணும் கருவியில் இப்பிழை மிகச் சிறிது. எனினும் உடலிலேயே இந்த விகிதம் நிலையாக இருப்பதில்லை; ஒரு காய்ச்சல், ஏன், மன அதிர்ச்சி கூட நியூட்ரோஃபிலை உயர்த்தி லிம்ஃபோசைட்டைக் குறைக்கும்.

எம்.பி.வி. கதை இன்னும் சுவையானது. இரத்தம் உறையாதிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு கலந்த, ஊதா மூடியிட்ட குழாயில் அதை எடுக்கின்றனர். இந்த உப்பில் தட்டணுக்கள் தட்டு வடிவம் இழந்து உருண்டையாகி, நேரம் செல்லச் செல்ல ஊதுகின்றன. காலையில் எடுத்த இரத்தத்தை உடனே அளந்தால் ஓர் எண். வண்டியேறி வேறூர் சென்று மாலையில் அளந்தால் வேறோர் எண். நோயாளிகளின் குழாய்கள் தாமதமாகவும் நலமுள்ளோரின் குழாய்கள் உடனடியாகவும் அளக்கப்பட்டிருந்தால், நோயை அல்ல, தாமதத்தையே நாம் அளந்திருப்போம்!

நீரிழிவாளரின் சிவப்பணுக்களும் இதுபோல் ஒரு வித்தை காட்டுகின்றன. சர்க்கரை 600 மில்லிகிராமைத் தாண்டி மிக அதிகமாக இருக்கும்போது அணுக்களின் உள்ளேயும் சர்க்கரை மிகுந்திருக்கும். கருவிக்குள் சாதாரண உப்புக் கரைசலில் இடப்பட்டதும், சவ்வூடு பரவல் விதிப்படி நீர் உள்ளே பாய்ந்து அவை உப்பிவிடுகின்றன. கருவி எம்.சி.வி. அதிகம் என்று அச்சிடும். உடலுக்குள் அந்த அணு பெரியதே அல்ல. கரைசலில் சிறிது நேரம் வைத்திருந்து, சர்க்கரை வெளியேறிச் சமநிலை வந்தபின் அளந்தால் எண் இறங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரு குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றன என்பது ஒன்று. ஒரு தனி மனிதர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று சொல்ல முடிவது மற்றொன்று. ஒரு வகுப்பு மாணவரின் சராசரி உயரம் அடுத்த வகுப்பைவிட ஓர் அங்குலம் மிகுதி என்பதால், வாயிலில் நிற்கும் பையனின் உயரத்தை மட்டும் அளந்து அவன் எந்த வகுப்பு என்று கூற முடியுமா? இரத்த எண்களும் இப்படியே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகையால் இன்று இதயப் படத்துக்கு மாற்றாக இந்த எண்களை எந்த மருத்துவரும் கொள்வதில்லை. நீரிழிவு உள்ள ஒருவருக்கு நடக்கும்போது மூச்சு இரைத்தால், தாளிலுள்ள எம்.பி.வி. இயல்பாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாகாது. வலியில்லாவிட்டாலும் இதயப் பரிசோதனை தேவை.

கருவி வந்து எழுபதாண்டுகள் ஆகியும் எண்ணும் அறையும் நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகவில்லை. சிலருடைய தட்டணுக்கள் அந்த ஊதா மூடிக் குழாயில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். துளை வழியே செல்லும் கொத்தைக் கருவி தட்டணு என்று கருதாது. எண்ணிக்கை 30,000 என்று அச்சிட்டுவிடும். உடம்பில் இரத்தக் கசிவோ சிவப்புப் புள்ளிகளோ எதுவுமில்லாத ஒருவருக்கு இப்படி ஓர் எண் வந்தால், அனுபவமுள்ள ஆய்வாளர் தாளை உடனே கையெழுத்திட்டு அனுப்புவதில்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, நிறமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார். தகட்டின் ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். பிறகு சிட்ரேட் உப்பு கலந்த வேறு குழாயில் மீண்டும் இரத்தம் எடுத்து எண்ணுகிறார்.